அழுக்குத் தெரியாத நிறம்

சித்திரை வெயில்.
கெய்சர் வீதியில் நாட்டாமி ஒருவர்
நீல வாளிகளைக் கோபுரமாய் அடுக்கித் தள்ளிப் போகிறார்.
கோபுரம் ஆடுகிறது, விழவில்லை.

நான் வந்தது யன்னலுக்குத் துணி வாங்க.
வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்த வீடு.
இரண்டு மணி தாண்டினால்
கடல் முழுவதும் கண்ணாடியாகி
எங்கள் சுவரில் வந்து அடிக்கும்.
கைப்பையில் தயாபரன் எழுதித் தந்த துண்டு:
ஆறு யார். சாம்பல், இல்லாவிட்டால் மண்ணிறம்.
கீழே கோடிட்டு,
அழுக்குத் தெரியாத நிறம்.

எங்கள் வீட்டில் எல்லாமே அந்த நிறம்தான்.
செற்றி, கால்மிதி, குடை,
கந்தோருக்கு நான் கட்டும் ஏழு சீலைகளும்.
அழுக்கு எங்கே இருக்கிறதென்று
எங்களுக்கே தெரியாத அளவுக்குக்
கவனமாக வாழ்ந்துவிட்டோம்.

"சாம்பல் மேல் தட்டுல இருக்கு,
ஏணி எடுக்கணும், கொஞ்சம் நில்லுங்க"
என்று ரிஸ்மி உள்ளே போனான்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

காலை அசெம்பிளிக்கு வந்த பிள்ளைகள்போலச்
சுவரோரம் நின்றன துணிச் சுருள்கள்.
கிளிப்பச்சை பக்கத்து கத்தரிப்பூவை இடிக்கிறது.
மேசையில், யாரோ விலை கேட்டு
வேண்டாமென்று விட்டுப்போன
தோடம்பழ நிறம்.
மின்விசிறிக் காற்றில் அது ஒருமுறை மூச்சு விட்டது.
எனக்கு வாய் ஊறியது.
நாற்பத்தேழு வயதில்,
துணியைப் பார்த்து.

சாம்பலைத் தோளில் போட்டு ரிஸ்மி இறங்கும்போது
காசு கொடுக்கும் வரிசையில் நின்றேன்.
"அக்கா, சாம்பல்?"
"இருந்த இடத்திலேயே வையுங்கோ தம்பி."

நூறாம் நம்பர் பஸ்ஸில்
பையின் வாய் திறந்து
நிறம் வெளியே எட்டிப் பார்த்தது.
பக்கத்தில் இருந்த பெண் ஒரு விரலால் தொட்டு
"லஸ்ஸனய்" என்றாள்.
நான் சிரித்தேன்,
எந்த மொழியில் என்று தெரியாது.
காலிமுகத்திடலில் பட்டமொன்று அறுந்து
கொடிக்கம்பத்தில் சிக்கியிருந்தது.
சிவப்பு வால், இரண்டு முழம் இருக்கும்.
மூன்று பொலிஸ்காரர்கள்
வேலையை விட்டு அதையே அண்ணாந்து பார்த்தார்கள்.
கொள்ளுப்பிட்டியில் செவ்விளநீர்க் குவியல்,
பம்பலப்பிட்டியில் ஒரு மதிலுக்கு மேலே
இலையே இல்லாமல் கொன்றை.
எல்லாம் நேற்றும் இருந்திருக்கும்.
நேற்று நான் எங்கே இருந்தேன்?

தயாபரன் பில்லைப் பார்த்தார்.
துணியைப் பார்த்தார்.
மறுபடியும் பில்லைப் பார்த்தார்.
"கோயில் பந்தலுக்கோ வாங்கினனீர்?"

மடித்துத் தைக்கக்கூடப் பொறுமை இல்லை.
உடுப்புக் கொழுவும் கிளிப்புகளால்
கம்பியில் மாட்டினேன்.
கரைகள் நூல் நூலாய்த் தொங்கின.

நாலு மணிக்கு வெயில் வந்து கதவைத் தட்டாமல்
துணியைத் தட்டியது.
செற்றி பழுத்தது.
சுவர் பழுத்தது.
அவருடைய வெள்ளை பெனியன்,
நெற்றிக்கு மேலே முடி விட்டுப்போன இடம்,
தேத்தண்ணிக் கோப்பை, எல்லாம் பழுத்தன.
தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்
இரவல் வாங்கிய கைகள் போல.
கீழே கரையோர ரயில் போனது;
திரை எழும்பி ஒரு முழ நீலம் காட்டி
மறுபடி விழுந்தது.

"அழுக்குத் தெரியுமே," என்றார்.

தெரிந்தது.
விசிறிச் சிறகில் தூசி,
சுவிச்சைச் சுற்றி எண்ணெய் விரல்கள்,
போன வருஷம் சிந்திய குழம்பு
யன்னல் கட்டையில் ஒரு சின்ன இலங்கை.
ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொண்டு வந்தவர்
இலங்கையில் நின்று சிரித்துவிட்டார்.
பிறகு கதிரையை இழுத்து
வெளிச்சம் விழும் இடத்தில் போட்டு உட்கார்ந்தார்,
பேப்பரை விரித்தார்,
வாசிக்கவில்லை.

ரியூஷனால் வந்த அபிஷன்
சப்பாத்துக் கழற்றாமல் வாசலில் நின்றான்.
"அம்மா, சோடாப் போத்திலுக்குள்ள
நிற்கிற மாதிரி இருக்கு."

கன்னம் உப்ப மூச்சை அடக்கி,
இரண்டு கைகளையும் வீசி வீசி
எங்கள் நடுவால்
நீந்திப் போனான் குசினிக்கு.